பெட்டியில் 30 மி.மீ. என்று இருக்கிறது... எங்கிருந்து 30?

காரின் டயருக்கும் அதன் மேலே வளைந்து நிற்கும் ஃபெண்டருக்கும் நடுவில் நான்கு விரல் நுழைகிற அளவுக்கு ஓர் இடைவெளி இருக்கும். பெரும்பாலானவர்கள் வாழ்நாள் முழுக்க அதைக் கவனிப்பதே இல்லை. ஒருமுறை கவனித்துவிட்டவர்களால் அதைப் பார்க்காமல் இருக்க முடிவதில்லை. என் சித்தி மகன் இரண்டாவது வகை.

அவனுக்கு 24 வயது. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பேட்டர்ன் பிரிவில் வேலை. சேமிப்பு பாதி, கடன் பாதி என்று சேர்த்து, போன வருடம் ஒரு பழைய ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ வாங்கினான். ‘போலோவெல்லாம் ஸ்போர்ட்ஸ் காரா?’ என்று கேட்பவர்கள் கேட்கட்டும். 2013ல் இந்தியாவுக்கு வந்தபோது 1.2 லிட்டர் டர்போ இன்ஜின், 105 குதிரைத்திறன், ஏழு கியர் டிஎஸ்ஜி என்று அந்த விலையில் அப்போது கிடைக்காததை எல்லாம் கொடுத்த குட்டிக் கார் அது. 2022ல் இந்தியாவில் போலோ உற்பத்தியே நின்றுபோன பிறகு, பழைய ஜிடிக்களைத் தேடி வாங்குகிறவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஏலகிரி மலையின் 14 கொண்டை ஊசி வளைவுகளையும் அதில் ஏறிப் பாருங்கள். ஸ்போர்ட்ஸ் கார்தான் என்று நீங்களே சொல்வீர்கள்.

வாங்கி மூன்றாவது மாதமே ஆரம்பித்துவிட்டான். “வண்டி ஜீப்பு மாதிரி நிக்குதுக்கா. கொஞ்சம் எறக்கணும். நீ ரிப்போர்ட்டர்தானே, எந்த கிட் நல்லதுன்னு விசாரிச்சுச் சொல்லேன்.”

வீட்டில் ஒரு ரிப்போர்ட்டர் இருந்தால் பட்டா மாறுதலில் இருந்து ஃப்ரிட்ஜ் வாங்குவது வரை எல்லா விசாரணையும் நம் தலையில்தான். ஆனால், இந்த விசாரணையை நான் கொஞ்சம் கூடுதல் அக்கறையோடு செய்ததற்குக் காரணம் சித்தப்பா. 30 வருடம் டேனரியில் டிரம் பக்கத்தில் நின்று ஈரத்தோல் தூக்கியவர். இடுப்பில் டிஸ்க் விலகியிருக்கிறது. மாதம் ஒருமுறை வேலூர் சி.எம்.சி.க்குப் போக வேண்டும். போக 50 கிலோமீட்டர், வர 50. அந்த வீட்டில் இருக்கிற ஒரே கார் இந்த போலோதான்.

லோயரிங் கிட் என்பதில் மர்மம் எதுவும் இல்லை. காரின் எடை முழுவதையும் நான்கு ஸ்பிரிங்குகள் தாங்கிக்கொண்டிருக்கின்றன. அவற்றை எடுத்துவிட்டு, குட்டையான, கொஞ்சம் கடினமான ஸ்பிரிங்குகளைப் போட்டால் வண்டி இறங்கி நிற்கும். பார்க்க அழகு. வளைவில் வண்டி சாய்வதும் குறையும் என்பது விற்பவர்களின் வாதம். கடைக்குப் போனால் நான்கு விதமாகக் காட்டுவார்கள்.

முதலாவது, கடையிலேயே இல்லாதது. இருக்கிற ஸ்பிரிங்கைக் கழற்றி, கட்டரில் ஒரு சுற்று வெட்டிவிட்டு மறுபடி மாட்டுவது. கூலி சில நூறு ரூபாய்தான். வாணியம்பாடியில் என் தம்பியின் நண்பன் ஒருவன் தன் காரில் இப்படித்தான் செய்திருந்தான். இதில் என்ன நடக்கிறது என்று பார்த்தால் வயிற்றைக் கலக்கும். ஒரு ஸ்பிரிங்கில் வேலை செய்கிற சுற்றுகள் எத்தனையோ அதற்குத் தலைகீழ் விகிதத்தில் அதன் கடினம் இருக்கும். ஆறு சுற்றில் ஒன்றை வெட்டினால் மீதி ஐந்து, கடினம் 20 சதவீதம் ஏறிவிடும். அதை அடக்க வேண்டிய ஷாக் அப்ஸார்பரோ பழைய கணக்கில் இருக்கும். அதைவிட மோசம், ஸ்பிரிங்கின் முனை தட்டில் பதிந்து உட்காரும்படி வளைத்துச் செய்யப்பட்டிருக்கும். வெட்டியதும் அந்த உட்காரும் வடிவம் போய்விடும். சக்கரம் பள்ளத்தில் முழுசாகத் தொங்கும்போது, குட்டையாகிப்போன ஸ்பிரிங் தளர்ந்து இடம் மாறவும் வாய்ப்பு உண்டு. அந்த நண்பனின் வண்டி ஒரு ஸ்பீடு பிரேக்கரில் ஆயில் சம்ப்பைக் கிழித்துக்கொண்டு நடுரோட்டில் நின்றது. “லாரிக்காரங்க எல்லாம் இன்னாடா இதுன்னு எறங்கி வேடிக்கை பாத்தாங்க” என்பது அவன் வர்ணனை.

இரண்டாவது, ஸ்பிரிங் மட்டும் மாற்றுவது. ஐபாக், ஹெச் அண்ட் ஆர் போன்ற ஜெர்மன் கம்பெனிகள் காருக்குக் கார் தனித்தனியாகச் செய்து பெட்டியில் போட்டுத் தருகின்றன. (இந்த இரண்டு கம்பெனிகளும் ஃபின்னன்ட்ராப், லென்னஸ்டாட் என்று அக்கம்பக்கத்து ஊர்களில் இருக்கின்றன. நமக்குத் தோலுக்கு ஆம்பூர், வாணியம்பாடி மாதிரி அவர்களுக்கு ஸ்பிரிங்குக்கு அந்த மலைப்பக்கம் போலிருக்கிறது!) மூன்றாவது, ஸ்பிரிங்கோடு அதற்குப் பொருத்தமான ஷாக்குகளும் சேர்ந்த செட். நான்காவது, கோயில்ஓவர். ஷாக்கின் உடம்பிலேயே மரை போட்டு, வளையத்தைத் திருகி உயரத்தைக் கூட்டிக் குறைக்கலாம். காற்றுப்பை வைத்து சுவிட்சில் ஏற்றி இறக்குகிற ஏர் சஸ்பென்ஷனும் இருக்கிறது. அதன் விலையைக் கேட்டதும் தம்பி தானாகவே அந்தப் பக்கத்தை மூடிவிட்டான்.

அவன் மனது நின்றது இரண்டாவதில். பெட்டியின் மேல் 30 மி.மீ. என்று போட்டிருந்தது. “மூணு சென்டிமீட்டர்தான்க்கா. விரல்ல ரெண்டு கணு. இதுல இன்னா ஆயிடப்போவுது?”

இங்கேதான் நான் ஒரு கேள்வியில் மாட்டிக்கொண்டேன். எங்கிருந்து 30?

குட்டை ஸ்பிரிங் என்பது வண்டியின் உயரத்திலிருந்து 30ஐக் கழித்துவிடுகிற கருவி இல்லை. அந்த ஸ்பிரிங்கின் நீளமும் கடினமும் காரின் எடையும் சேர்ந்து வண்டியை ஓர் உயரத்தில் நிறுத்தும். அவ்வளவுதான். அந்த உயரம் ஐரோப்பாவில் விற்ற போலோவின் உயரத்தைவிட 30 மி.மீ. குறைவு என்பதுதான் பெட்டியில் இருக்கும் எண்ணின் அர்த்தம். நம் ஊர் ரோட்டை நினைத்து, இந்தியாவில் விற்ற போலோவைக் கம்பெனியே ஐரோப்பிய வண்டியைவிட உயர்த்தித்தான் கொடுத்தது. அந்த வித்தியாசம் 15 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், அதே பெட்டி, அதே ஸ்பிரிங், நம் வண்டியில் 45 மி.மீ. இறக்கும். 30 கேட்டவனுக்கு 45 கிடைக்கும். ‘பரவாயில்லையே, கூட 15 இலவசம்’ என்று சந்தோஷப்படுகிறவர்களும் இருப்பார்கள்.

இன்னொன்று, இந்த ஸ்பிரிங்குகளுக்கு முன் அச்சு எடை வரம்பு என்று ஒன்று உண்டு. போலோ ஜிடியிலேயே டீசல் வண்டியின் மூக்கு பெட்ரோல் வண்டியைவிடக் கனம். டீசலுக்கான ஸ்பிரிங்கை பெட்ரோலில் போட்டால் மூக்கு தூக்கி நிற்கும். பெட்ரோலுக்கானதை டீசலில் போட்டால் மூக்கு குத்தும். ‘போலோவுக்குதான் சார்’ என்று கடைக்காரர் சொல்வது போதாது. எந்த இன்ஜின், எந்த வருடம், முன் அச்சில் எத்தனை கிலோ வரை என்று கேட்க வேண்டும். கேட்டால் பாதிக் கடைகளில் நம்மை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள்.

இந்த 30-45 கணக்கை நான் சொன்னபோது தம்பி ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு அவனே சொன்னான்: “ஹீலு மாதிரிதான் இது.”

புரியவில்லை. விளக்கினான். ஷூ செய்வதற்கு முதலில் ‘லாஸ்ட்’ வேண்டும். மனிதப் பாதத்தின் வடிவத்தில் இருக்கும் அச்சு. இத்தனை மி.மீ. ஹீல் என்று முடிவு செய்துதான் அந்த லாஸ்ட்டையே செய்வார்கள். குதிகால் எவ்வளவு தூக்கி நிற்கிறதோ அதற்கு ஏற்றபடி உள்ளங்கால் வளைவு, அதற்குள்ளே போகும் எஃகுப் பட்டை, முன்விரல் பக்கம் தரையிலிருந்து லேசாக மேலே எழும் அளவு, எல்லாமே அமைந்திருக்கும். தயாரான ஷூவில் ஹீலை மட்டும் 10 மி.மீ. செதுக்கினால் அது குட்டை ஹீல் ஷூ ஆகாது. முன்னால் விரல் பக்கம் ஆகாயம் பார்க்கும். நடக்கும்போது ஷூ முன்னும் பின்னும் ஆடும். வளைவு தப்பான இடத்தில் போய்க் காலை அழுத்தும். “பையர் சாம்பிள்ல ஒரு மில்லி மாத்தச் சொன்னாக்கூட நாங்க லாஸ்ட்ல இருந்து ஆரம்பிக்கணும்க்கா. ஹீலை மட்டும் தேய்ச்சா கஸ்டமர் திருப்பி அனுப்பிடுவான்.”

மெக்கானிக்குகள் ஒரு வாரமாக எனக்குச் சொல்ல முயன்றது இதைத்தான். அவன் தொழிலின் பாஷையில் வந்ததும் அவனுக்கும் எனக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது.

காரிலும் உயரம் தனியாக இருக்கும் சங்கதி இல்லை. போலோவின் முன்சக்கரம் கீழே ஒரு கைப்பட்டையிலும் மேலே ஷாக்கிலும் பிடித்து நிற்கிறது. வண்டியை இறக்கினால் அந்தக் கைப்பட்டையின் சாய்வு மாறுகிறது. சாய்வு மாறினால், வளைவில் வண்டி எந்தப் புள்ளியை மையமாக வைத்துச் சாயுமோ அந்தப் புள்ளியும் கீழே போகிறது. இந்த வகை சஸ்பென்ஷனில் வேடிக்கை என்னவென்றால், வண்டியின் எடை மையம் இறங்குவதைவிட அந்தப் புள்ளி வேகமாக இறங்கிவிடும். இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரம் நெம்புகோல் மாதிரி. அது நீண்டால் வண்டி சாயும் ஆசையும் கூடும். ஸ்பிரிங் கடினம் அதைச் சமாளிக்கிற அளவுக்கு இருந்தால் தப்பித்தோம். இல்லாவிட்டால், சாய்வைக் குறைக்கப் பணம் கொடுத்து சாய்வைக் கூட்டிக்கொண்டு வருவோம். ரேஸ் கார்களில் இதைச் சரிசெய்ய பால் ஜாயின்ட்டின் இடத்தையே மாற்றுகிறார்கள். பெட்டியில் வருகிற நான்கு ஸ்பிரிங்குகள் அதைச் செய்யாது.

அடுத்தது, சக்கரம் மேலே போவதற்கு இருக்கிற இடம். எனக்கு மிகவும் கவலை தந்த விஷயம் இதுதான். குழியிலோ மேட்டிலோ ஏறும்போது சக்கரம் உடம்புக்குள் எழும்ப வேண்டும். அந்த இடம் பேச்சுக்கு 80 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். வண்டியை 40 இறக்கினால், அந்த 40ம் இதிலிருந்துதான் போகிறது. மீதி 40. அதே மேட்டை, அதே வேகத்தில், பாதி தூரத்துக்குள் விழுங்க வேண்டுமானால் ஸ்பிரிங் இரண்டு மடங்கு கடினமாக இருந்தால் போதாது, நான்கு மடங்கு வேண்டும். ஸ்பிரிங்கில் சேரும் சக்தி, அமுங்கும் தூரத்தின் வர்க்கத்தில் ஏறுவதால் வருகிற கணக்கு இது. நான்கு மடங்கு கடினமான ஸ்பிரிங்கை யாரும் தெருவில் ஓடும் காருக்கு விற்பதில்லை. மிச்ச அடியை யார் வாங்குவார்கள்? ஷாக்கின் தண்டில் இருக்கிற ‘பம்ப் ஸ்டாப்’ என்ற கட்டை வாங்கும். அதற்குப் பிறகு வண்டியின் உடம்பு. அதற்குப் பிறகு சித்தப்பாவின் இடுப்பு.

ஷாக் அப்ஸார்பரும் இதில் சும்மா இருக்க முடியாது. ஸ்பிரிங் அடியை வாங்கிச் சேர்த்து வைக்கும், திருப்பி உதைக்கும். ஷாக்குக்குள் இருக்கும் எண்ணெய் அந்த உதையை மெதுவாகச் சூடாக்கிக் கரைக்கும். ஸ்பிரிங் கடினமானால் உதையும் கடினம். பழைய ஷாக்கால் அதை அடக்க முடியாமல் வண்டி இரண்டு மூன்று முறை குதிக்கும். தவிர, இறங்கிய வண்டியில் ஷாக்கின் தண்டு எப்போதும் பாதி அமுங்கியே நிற்கும். அதனால்தான் பில்ஸ்டீன் கம்பெனி சாதாரண உயரத்துக்கு பி6 என்றும், இறக்கிய வண்டிக்கென்றே குட்டையாக பி8 என்றும் தனித்தனி ஷாக் செய்கிறது. ஆக, ஸ்பிரிங்கை மட்டும் வாங்குவது என்பது ஹீலை மட்டும் தேய்ப்பது. வாங்கினால் மூன்றாவது வகை, செட்டாக. கோயில்ஓவர் இன்னும் சுதந்திரம் தரும். ஆனால், திருகு கையில் இருந்தால் தம்பி எதுவரை திருகுவான் என்று எனக்குத் தெரியும்.

சரி, எவ்வளவு இறக்கலாம்? இதற்கு பதில் ஜெர்மனியில் இல்லை, ஆம்பூரில் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை டேப்பை எடுத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிட்டோம்.

சக்கரத்தின் நடு மையத்தில் இருந்து ஃபெண்டரின் விளிம்பு வரை அளக்க வேண்டும். தரையில் இருந்து அளந்தால் டயரில் காற்று குறைந்திருந்தாலும் கணக்கு மாறிவிடும். நான்கு பக்கமும் அளந்து எழுதினான். பேட்டர்ன் பிரிவு ஆள் என்பதால் மி.மீ.யில் பிசிறில்லாமல் எழுதுவான். பிறகு சித்தப்பா, சித்தி, நான், அவன் என்று நான்கு பேரும் ஏறி உட்கார்ந்தோம். பக்கத்து வீட்டுப் பையன் வெளியில் இருந்து அளந்தான். காரைக் கிளப்பாமல் குடும்பமே உள்ளே உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, எதிர்வீட்டு அம்மா, “எங்க கிளம்பிட்டீங்க?” என்று கேட்டார். “எங்கயும் இல்ல, எடை பாக்கறாங்க” என்றார் சித்தி.

பின்பக்கம் 42 மி.மீ. இறங்கியிருந்தது. முன்பக்கம் 12. அதாவது, பின்சீட்டில் இரண்டு பேர் ஏறினாலே தம்பி ஆசைப்பட்டதைவிட அதிகமாக வண்டி தானாக இறங்கிவிடுகிறது! வயிற்றுப் பகுதியில் சராசரியாக 27 என்று போட்டுக்கொண்டோம். இந்திய போலோவுக்குக் கம்பெனி சொன்ன கிரவுண்ட் கிளியரன்ஸ் 165 மி.மீ. புது ஸ்பிரிங்கால் 45 போனால் 120. குடும்பம் ஏறினால் 93.

இப்போது ஸ்பீடு பிரேக்கருக்கு வருவோம். இதற்கு ஓர் அளவு இருக்கிறது என்பதே எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இந்திய சாலை காங்கிரஸ் என்ற அமைப்பின் ஐ.ஆர்.சி. 99 விதிப்படி, வளைவான ஸ்பீடு பிரேக்கர் என்றால் 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம். 17 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் ஒரு துண்டு அது. 25 கிலோமீட்டர் வேகத்தில் வலிக்காமல் கடக்கலாம். போலோவின் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் ஏறக்குறைய 2.47 மீட்டர்தான் என்பதால், முழு வண்டியும் அந்த மேட்டின் மேல் ஏறி நிற்கும். அப்போது நடு வயிற்றுக்குக் கீழே மேடு எட்டிப் பார்ப்பது நாலரை சென்டிமீட்டர். 93 மி.மீ. இருந்தாலும் இடிக்காது. சட்டப்படியான ஸ்பீடு பிரேக்கரில், தாழ்த்திய கார் குடும்பத்தோடு தாராளமாகப் போகலாம்.

அந்தச் சட்டப்படியான ஸ்பீடு பிரேக்கரை எங்கள் பக்கம் யாராவது பார்த்திருந்தால் சொல்லுங்கள். வீட்டில் இருந்து மெயின் ரோட்டுக்கு வருவதற்குள் இருக்கும் நான்கையும் அளந்தோம். இரண்டு, தெருக்காரர்களே சிமென்ட் கொட்டிச் செய்தவை. அகலம் ஒரு முழம், உயரம் 11 சென்டிமீட்டர், அம்மிக்கல்லைக் குறுக்கே போட்டதுபோல. இந்த வகையில் முன்சக்கரம் தாண்டி, பின்சக்கரம் ஏறாத நேரத்தில் முழு 11 சென்டிமீட்டரும் வண்டியின் வயிற்றுக்கு நேராக நிற்கும். 93ல் 110 போகாது. இதற்கு இன்ஜினீயரிங் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

தேசிய நெடுஞ்சாலை 48 பிரச்னையே இல்லை. அது பழைய 46ஆக இருந்து நான்கு வழியாக மாறிய காலத்தில் இருந்தே மாதனூர், பள்ளிகொண்டா, வேலூர் என்று வழுக்கிக்கொண்டு போகும். சிக்கல், அதில் இருந்து இறங்கிய பிறகுதான். சர்வீஸ் ரோட்டில் தோல் ஏற்றிய வண்டிகளும், காலையும் மாலையும் ஷூ கம்பெனிப் பெண்களை ஏற்றி இறக்கும் பஸ்களும் அரைத்துப் போட்ட ஓரங்கள். மழை வந்தால் ரெட்டித்தோப்பு ரயில்வே சுரங்கப்பாதையில் தேங்கும் தண்ணீர். எல்லாவற்றையும் தாண்டித்தான் நெடுஞ்சாலை.

இத்தனைக்கும் பிறகு சட்டம் என்ன சொல்கிறது என்றும் பார்த்தாக வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களில் இருந்து ஆர்.சி. விவரம் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளாவில் இருந்து போன ஒரு வழக்கில், 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாக உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தில் 182ஏ என்ற பிரிவு சேர்ந்தது. அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ‘ஆர்.சி.யில் உயரம் என்று ஒரு கட்டமே இல்லையே சார்’ என்பது கடைக்காரர்களின் பதில். உண்மைதான், இல்லை. ஆனால், அந்த வாதத்தை ரோட்டோரத்தில் நின்று போலீஸிடமோ, விபத்துக்குப் பிறகு இன்ஷூரன்ஸ் கம்பெனியிடமோ சொல்லி ஜெயிக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. பாலிசி எடுக்கும் படிவத்திலேயே வண்டியில் மாற்றம் செய்திருக்கிறீர்களா என்ற கேள்வி இருக்கிறது.

இதே ஸ்பிரிங்கை ஜெர்மனியில் வாங்கினால் கூடவே ஒரு பரிசோதனைச் சான்றிதழ் வரும். எந்த மாடலுக்கு, எந்தச் சக்கர அளவோடு பொருந்தும் என்று அதில் இருக்கும். மாட்டிக்கொண்டு டி.யூ.வி. மாதிரியான பரிசோதனை நிலையத்துக்குப் போனால் பார்த்துவிட்டு ஒப்புதல் கொடுப்பார்கள். அதன் பிறகு அது சட்டப்படியான கார். நல்ல கிட் எது, வெட்டிய ஸ்பிரிங் எது என்று பிரித்துச் சொல்ல அங்கே ஓர் ஆள் இருக்கிறார். இங்கே அப்படி ஒரு வழி இல்லாததால், காசு செலவழித்து ஒழுங்காகச் செய்தவனும் கட்டரில் அறுத்தவனும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். எனக்கு இந்த விஷயத்தில் கோபம் உண்டு. ஒழுங்காகச் செய்கிறவனுக்கு ஒரு சலுகையும் இல்லை என்றால், ஏன் ஒழுங்காகச் செய்ய வேண்டும்?

தம்பியின் கடைசி ஆயுதம் இருங்காட்டுக்கோட்டை. “ரேஸ் காரெல்லாம் தரையோட தரையா இருக்கே, அது மட்டும் எப்படி?” ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில், 1990ல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் திறந்த ரேஸ் டிராக் அது. சுமார் 3.7 கிலோமீட்டர். ஃபோக்ஸ்வாகன் நடத்திய போலோ கப் போட்டியில் இதே போலோக்கள் அங்கே ஓடியிருக்கின்றன. எங்கள் ஊரில் இருந்து இதே நெடுஞ்சாலையில் நேராகப் போனால் இரண்டரை மணி நேரம்.

அங்கே இறக்குவதில் அர்த்தம் இருக்கிறது. மையம் தாழ்ந்தால், திருப்பத்தில் உள்பக்க டயரில் இருந்து வெளிப்பக்க டயருக்குத் தாவும் எடை குறையும். ஆனால், எவ்வளவு? எடை மையம் தரையில் இருந்து 55 சென்டிமீட்டர் என்று வைத்தால், 3 சென்டிமீட்டர் இறக்குவதால் கிடைப்பது ஐந்தரை சதவீதம். வினாடியில் நூறில் ஒரு பங்குக்காகச் சண்டை போடுகிறவனுக்கு அது பெரிய விஷயம். அந்த டிராக்கில் தெருவாசி போட்ட சிமென்ட் மேடு கிடையாது, பின்சீட்டே கிடையாது. ஏலகிரி வளைவில் அந்த ஐந்தரை சதவீதத்தைவிட நல்ல டயர் கூடுதலாகப் பிடிக்கும்.

அளந்த தாளில் இன்னொரு விஷயமும் இருந்தது. காலி வண்டியிலேயே பின்பக்க வலது, இடதைவிட 8 மி.மீ. தாழ்ந்து நின்றது. வேலூரில், காட்பாடி ரோட்டில் இருக்கும் ஒரு வயதான மெக்கானிக்கிடம் காட்டினோம். வண்டியை லிஃப்ட்டில் தூக்கி, பின்னால் டார்ச் அடித்து, தம்பியைக் கூப்பிட்டார். ஒரு ஷாக்கில் எண்ணெய் கசிந்து, அதன் மேல் தூசி அப்பிச் சேறாகியிருந்தது. முன்பக்க மவுன்ட் ரப்பர் இரண்டும் வெடித்துவிட்டன. கீழ்க்கைப்பட்டையின் புஷ்ஷில் கம்பியைக் கொடுத்து நெம்பினால் ஆடியது.

“நீ வளைவுல சாயுதுன்னு சொன்னது இதுதாம்பா. வண்டி ஒசரமா இருக்கறதால இல்ல. சஸ்பென்ஷன் செத்துக் கிடக்கு. செத்ததுக்கு மேல புது ஸ்பிரிங் போட்டு இன்னா பண்ணப்போற?”

ஏலகிரி போய் வரும்போதெல்லாம் அவன் சொன்ன ‘சாயுது’, ‘ஆடுது’, ‘கடகடங்குது’ எல்லாவற்றுக்கும் காரணம் அந்த லிஃப்ட்டின் மேல் தொங்கிக்கொண்டிருந்தது. பழைய கார் வாங்கி, கையோடு லோயரிங் கிட் தேடுகிற எல்லோரும் முதலில் இந்த லிஃப்ட்டுக்குப் போய் வந்துவிட்டால், பாதிப் பேர் கிட் வாங்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். கிட் விற்பவர்களுக்கு இது பிடிக்காது.

கிட்டுக்கு ஒதுக்கிய பணத்தில் அவன் வாங்கியது இவை: நான்கு புது ஷாக், சாதாரண உயரத்துக்கானவை, ஆனால் ஒரிஜினலைவிடக் கொஞ்சம் பிடிமானம் அதிகமானவை. பம்ப் ஸ்டாப், மவுன்ட், முன் புஷ். ஸ்பிரிங் மட்டும் பழையது, கம்பெனி போட்டது. இரண்டு நாள் வேலை. மெக்கானிக் ஒரு விஷயத்தைக் கவனமாகச் செய்தார். புஷ்களின் போல்ட்டுகளை வண்டி லிஃப்ட்டில் தொங்கும்போது முறுக்கவில்லை. சக்கரம் தரையில் ஊன்றி, வண்டி தன் எடையில் உட்கார்ந்த பிறகுதான் கடைசியாக இறுக்கினார். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடுமாம். உங்கள் மெக்கானிக் இதைச் செய்கிறாரா என்று பாருங்கள். அதன் பிறகு வீல் அலைன்மென்ட். முன்னும் பின்னும் எண்கள் அடித்த தாளை தம்பி பத்திரமாக மடித்து ஆர்.சி.யோடு வைத்துக்கொண்டான்.

திரும்பி வரும்போது சித்தப்பாவை முன்சீட்டில் உட்காரவைத்து நான் பின்னால் உட்கார்ந்தேன். பள்ளிகொண்டா தாண்டி, மாதனூர் தாண்டி, ஆம்பூரில் இறங்கி எங்கள் தெருவின் முதல் சிமென்ட் மேடு வந்தது. சித்தப்பா வழக்கம்போல மேலே இருக்கும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு தயாரானார். வண்டி ஏறி, ஒருமுறை இறங்கி, அப்படியே நின்றுவிட்டது. வழக்கமாக வரும் இரண்டாவது குதிப்பு வரவில்லை. கைப்பிடியை விடாமலே, “இன்னாடா, தாண்டிட்டியா?” என்று கேட்டார்.

தம்பி இன்னும் முழுசாகச் சமாதானம் ஆகவில்லை. போன வாரம்கூட, ஸ்பிரிங் பெட்டி ஒன்றின் படத்தை எனக்கு அனுப்பி, ‘இது 15 மி.மீ.தான் போலக்கா, நம்ம வண்டிக்கு எவ்ளோ வரும்னு கணக்குப் போடு’ என்று கேட்டிருந்தான். முதலில் டயரை மாற்று, பிறகு கணக்குப் போடலாம் என்று பதில் அனுப்பினேன். முன்டயர் இரண்டும் பழைய அலைன்மென்ட்டில் ஓடி, உள்பக்க விளிம்பு மொட்டையாகிக் கிடக்கிறது. அடுத்த போனஸில் வாங்குவதாகச் சொல்லியிருக்கிறான்.